பிடிக்காத தலைவருக்கும் ஒரு மன்றாட்டு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் வேட்பாளர் கோயிலுக்குப் போவார், மசூதிக்குப் போவார், சர்ச்சுக்கும் வருவார். பங்குத்தந்தையோ போதகரோ வாசலில் வரவேற்பார். ஒரு பொன்னாடை, தலைமேல் ஒரு கை, சிறிய ஜெபம், நாலு போட்டோ. மாலைக்குள் அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றும். அந்தக் கட்சியால் மனம் நொந்த சபையார் வீட்டுக்கும் போய்ச் சேரும். “நம்ம ஃபாதரே ஆசி கொடுத்துட்டாரே” என்று அவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

இதைப் பார்த்துத்தான் சில குருக்கள், கொள்கை ஒத்துவராத அரசியல்வாதிக்காகச் சபை நடுவே ஜெபிக்கவே கூடாது என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெபிக்கத்தான் வேண்டும், எல்லாரும் கேட்க ஜெபிக்க வேண்டும். கோளாறு ஜெபத்தில் இல்லை, நாம் அதைச் செய்யும் விதத்தில் இருக்கிறது.

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் செய்யுங்கள் என்று அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பவுல் வாழ்ந்த காலத்தில் ரோமை ஆண்டவன், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய நீரோ. அதற்கும் முன்னால் எரேமியா தீர்க்கதரிசி, சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குப் போன தன் ஜனங்களிடம், அந்த நகரத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்றார். கி.பி. 197ஆம் ஆண்டுவாக்கில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் பேரரசருக்காக என்னென்ன கேட்கிறார்கள் என்று பட்டியலே போடுகிறார்: நீண்ட ஆயுள், பத்திரமான ஆட்சி, வீரமுள்ள படை, விசுவாசமான ஆட்சிமன்றம், அமைதியான உலகம். அதே கிறிஸ்தவர்கள்தான் பேரரசரைத் தெய்வமாகக் கும்பிட மறுத்து உயிரை விட்டார்கள். அவருக்காக ஜெபிப்பார்கள், அவரிடம் ஜெபிக்க மாட்டார்கள். அந்த எல்லைக்கோடு அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலினத் தகுதி தலித் கிறிஸ்தவர்களுக்கு இல்லாமல் போனது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. நம் பகுதியில் அரூரும் ஊத்தங்கரையும் தனித்தொகுதிகள். அங்கே ஒரு தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. இதற்காகத் திருச்சபை ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. ஐந்தே நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவில் அதே மக்கள் நாட்டுக்காகவும் ஆள்வோருக்காகவும் மன்றாடுகிறார்கள். 10ஆம் தேதிக் கோபம் 15ஆம் தேதிக்குள் ஆறிவிடுவதில்லை. ஆறவும் வேண்டாம்.

கத்தோலிக்கத் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டுக்கு வரிசை உண்டு: முதலில் திருச்சபை, அடுத்து ஆள்வோரும் உலகமும், பிறகு துன்பப்படுவோர், கடைசியில் உள்ளூர்ச் சமூகம். பெரிய வெள்ளியன்று பத்து மன்றாட்டுகள். ஒன்பதாவது, பொதுப்பணியில் இருப்போருக்கானது. ஆட்சி மாறினாலும் அந்த வரி மாறாது. பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. வாரந்தோறும் ஒலிக்கும் மன்றாட்டை யாரும் அரசியல் என்று சொல்ல மாட்டார்கள். தேர்தல் சமயத்தில் மட்டும் திடீரென்று முளைக்கும் ஜெபத்தைத்தான் சந்தேகப்படுவார்கள்.

2018 மே மாதம் தில்லிப் பேராயர் அனில் கூட்டோ, வரப்போகும் தேர்தலை மனத்தில் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் நோன்பிருந்து நாட்டுக்காக ஜெபிக்கும்படி பங்கு ஆலயங்களுக்கு மடல் எழுதினார். இரண்டு வாரத்துக்குள் அது நாடு முழுக்கச் சர்ச்சையானது. அதில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. ஆனால் கொந்தளிப்பான அரசியல் சூழல் என்று ஒரு வருணனை இருந்தது. அவர் அப்படிச் சொன்னதில் தவறில்லை. ஆனால் வருணனை நுழைந்தவுடன் கேட்பவர் ஜெபத்தை விட்டுவிட்டு வருணனையைப் பிடித்துக்கொள்கிறார்.

அமெரிக்காவில் 2019 ஜூன் 2 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் மெக்லீன் பைபிள் சர்ச்சுக்கு அதிபர் டிரம்ப் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். போதகர் டேவிட் பிளாட் அவரைப் புகழவில்லை, ஆதரவும் கேட்கவில்லை. நான் சொன்ன அதே தீமோத்தேயு வசனத்தை வைத்து ஜெபித்தார். அப்படியும் சபையில் சிலர் மனம் புண்பட்டதால், விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மேடையில் தலைவர் பக்கத்தில் நின்றுவிட்டால் சொல் பின்னால் போய்விடும், படம்தான் பேசும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, மதத்தின் பெயரால் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பது முறைகேடு. இன்னாருக்குப் போட்டால் தெய்வக் குற்றம் என்று மிரட்டுவதும் அப்படியே. வழிபாட்டுத் தலத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்கிறது தேர்தல் நடத்தை விதி. ‘இவருக்கு வெற்றி தாரும்’ என்று மைக்கில் ஒரு வரி சொன்னாலே இந்தச் சிக்கலை விலைக்கு வாங்கியதுதான்.

சரி, மன்றாட்டை எப்படி எழுதுவது? இரண்டு வாக்கியம் போதும், முப்பது சொல்லுக்குள். ஆளின் பெயருக்குப் பதில் பதவி, பதவியோடு ஒரு வேலை. இப்படி:

“எங்கள் முதலமைச்சருக்காகவும் சட்டமன்ற உறுப்பினருக்காகவும் மாவட்ட ஆட்சியருக்காகவும் மன்றாடுவோம். ஃபுளோரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்கு ஒகேனக்கல் குடிநீர் தடையின்றிப் போய்ச் சேர, அவர்களுக்குத் தெளிவும் அக்கறையும் தந்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்.”

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் யானை இறங்கும் கொல்லைகளைச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் விலை, எல்லா ஊரிலும் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள். அந்தத் தலைவருக்கு ஓட்டுப் போட்டவரும் போடாதவரும் ஒரே மூச்சில் ஆமென் சொல்ல முடிய வேண்டும். எழுதிய தாளை இரண்டு தரப்பிலும் ஒருவரிடம் முன்கூட்டியே படித்துக் காட்டிவிடுங்கள்.

‘மாண்புமிகு’வும் வேண்டாம், குத்தலும் வேண்டாம். ‘பொய் பேசும் தலைவர்களை மனந்திருப்பும்’ என்றால் யாரைச் சொல்கிறீர்கள் என்று கடைசி பெஞ்சுப் பையனுக்கும் புரியும். அது கடவுளிடம் பேசுவது போல ஆளைத் திட்டுவது. சொல்ல வேண்டிய குறையைப் பிரசங்கத்தில் நேராகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஞாயிறு மன்றாட்டு, திங்கள் மனு.

வேட்பாளர் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஒரே விதி என்று பங்குப்பேரவை முன்பே முடிவெடுத்து எழுதி வைக்கட்டும். பீடத்தண்டை வேண்டாம், அலுவலக அறையில் உட்காரவைத்துப் பேசலாம். போட்டோ வேண்டாம், தலைமேல் கை வேண்டாம். அவர் ஜெபம் கேட்டால் மறுக்க வேண்டாம். தொகுதி மக்களுக்காகவும் எல்லா வேட்பாளருக்காகவும் சேர்த்து ஜெபியுங்கள். பூசை நேரத்தில் வந்தால் மற்றவர்களைப் போல பெஞ்சில் உட்காரட்டும், மைக்கில் அறிவிப்பு இருக்கக் கூடாது.

அந்தத் தலைவரால் நேரடியாக இழப்பைச் சந்தித்தவர் ஆமென் சொல்லாமல் நின்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். புலம்பல் சங்கீதங்களும் வேதத்தில்தான் இருக்கின்றன. அவரோடு அதைப் படியுங்கள்.

ஓட்டு எண்ணி முடிந்து வரும் முதல் ஞாயிறுக்கான மன்றாட்டுத் தாளை, முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வென்றவர், தோற்றவர், சாவடியில் ராத்தூக்கம் கெட்ட ஆசிரியர்கள், காவலர்கள், கட்சிச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகள் எல்லாரும் அதில் இருக்கட்டும். யார் ஜெயித்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் வாசியுங்கள்.

வணக்கம்.