தோற்றவர் என்ன ஆனார்?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

ஒரு சர்வாதிகாரி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்து யார்? பத்திரிகைகள் நான்கைந்து படங்களைப் போட்டு, ராணுவம் யார் பக்கம், உளவுத்துறை யார் கையில் என்று எழுதும். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டுத் தோற்றவர் என்ன ஆனார்? ஒரு நாடு எந்தத் திசையில் நடக்கப்போகிறது என்பதை அதை வைத்துத்தான் கணிக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

1953 மார்ச் 1. மாஸ்கோவுக்கு வெளியே குன்ட்செவோவில் உள்ள சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலினின் மாளிகை. முந்தைய இரவு மாலென்கோவ், ரகசியக் காவல்துறையால் பேர்பெற்ற பெரியா, குருஷேவ், புல்கானின் ஆகிய நெருங்கிய சகாக்கள் நால்வரும் ஸ்டாலினுடன் விடியும்வரை விருந்து உண்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நண்பகல் ஆகியும் ஸ்டாலின் அறையில் அரவமே இல்லை. காவலர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். அழைக்காமல் கதவைத் திறக்க எவருக்கும் துணிவில்லை. இரவு வெகுநேரம் கழித்து, தபாலைச் சாக்காக வைத்து ஒருவர் உள்ளே போகிறார். ஸ்டாலின் பேச்சிழந்து தரையில் கிடக்கிறார்.

உடனே மருத்துவரை அழைத்திருக்க வேண்டும் அல்லவா? அழைக்கவில்லை. காவலர்கள் மேலிடத்துக்குச் சொன்னார்கள். மேலிடம் அதற்கும் மேலே கைகாட்டியது. நள்ளிரவுக்குப் பிறகு பெரியாவும் மாலென்கோவும் வந்து பார்த்துவிட்டு, தூங்குகிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில்தான். ஸ்டாலினின் உடம்பை நன்கு அறிந்திருந்த மருத்துவர் வினோகிராதோவ் அப்போது சிறையில் இருந்தார். தலைவர்களைக் கொல்ல மருத்துவர்கள் திட்டமிட்டார்கள், இது ‘மருத்துவர் சதி’ என்று சொல்லி அவரையும் இன்னும் பலரையும் பிடித்து அடைத்தது ஸ்டாலினேதான்.

மார்ச் 5 இரவு 8 மணிக்குத் தலைவர்கள் கூடினார்கள். நாற்பது நிமிடங்களில் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஸ்டாலினின் உயிர் பிரிந்தது இரவு 9.50க்கு. பங்கீடு முடிந்தபோது மூச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முப்பதாண்டு ஆட்சியில் எத்தனையோ ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிய நாட்டில், தலைவருக்குப் பின் யார் என்பதற்கு மட்டும் திட்டம் எதுவும் இல்லை.

ஏன் இல்லை? மறதியால் அல்ல. வாரிசை அறிவித்த நாள் முதல், மந்திரிகளும் தளபதிகளும் மெல்ல அந்த வீட்டு வாசலுக்கு நடக்கத் தொடங்குவார்கள். கிழவர் சீக்கிரம் போனால் நல்லது என்று எண்ணும் ஒரு கூட்டம் அவர் வீட்டுக்குள்ளேயே உருவாகிவிடும். வாரிசை அறிவிக்காவிட்டாலோ, நாளை என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் இன்றே ஆளாளுக்கு ஆயுதம் சேர்ப்பார்கள். அரசியல் ஆய்வாளர்கள் இதைப் ‘பட்டத்து இளவரசர் சிக்கல்’ என்பார்கள். மாவோவைப் பாருங்கள். வாரிசாகக் கருதப்பட்ட லியூ ஷாவோசி 1969இல் காவலில் கிடந்து செத்தார். அதே ஆண்டு கட்சியின் அமைப்புச் சட்டத்திலேயே வாரிசு என்று பெயர் பொறிக்கப்பட்ட லின் பியாவ், 1971 செப்டம்பரில் நாட்டைவிட்டுத் தப்பும் வழியில் மங்கோலியாவில் விமானம் விழுந்து மாண்டார். அந்த நாற்காலிக்கு அடுத்த இருக்கையைப் போல் ஆபத்தான இடம் சீனாவில் வேறு இருந்திருக்காது.

அரசியல் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. துர்க்மெனிஸ்தானில் 2006 டிசம்பர் 21 அன்று அதிபர் நியாசோவ் இறந்தார். நாடாளுமன்ற அவைத்தலைவர்தான் இடைக்கால அதிபர் ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அன்றைக்கே அந்த அவைத்தலைவர் அத்தாயெவ் மீது குற்ற வழக்கு பாய்ந்தது. துணைப் பிரதமராக இருந்த பெர்திமுகமெதோவ் இடைக்கால அதிபரானார். பல் மருத்துவம் படித்தவர் அவர். இடைக்கால அதிபர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று இன்னொரு விதி குறுக்கே நின்றது. சில நாட்களில் அந்த விதியையும் மாற்றிவிட்டார்கள். சிரியாவில் 2000 ஜூன் 10 அன்று அதிபர் ஹாபிஸ் அல் அசாத் இறந்தார். அதிபருக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். மகன் பஷாருக்கு 34. அன்றைய தினமே நாடாளுமன்றம் கூடி 40ஐ 34 ஆக்கியது. 35 என்றுகூட வைக்கவில்லை, கவனியுங்கள். டோகோவிலும் 2005இல் தந்தைக்குப் பின் மகனை அமர்த்தச் சட்டத்தை அவசரமாகத் திருத்தினார்கள்.

இத்தனை நாடுகளிலும் ஆள் போனார், ஆட்சிமுறை போகவில்லை. கொடுங்கோலன் செத்தால் கொடுமை தீரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த மக்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சியிருக்கிறது. ஏனென்றால் அந்த ஆட்சியில் பிழைத்தவர்கள், பங்கு பெற்றவர்கள், கையில் ரத்தக்கறை உள்ளவர்கள் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே இருக்கிறார்கள். நாற்காலி கைமாறினால் தங்கள் தலை உருளும் என்று அவர்களுக்குத் தெரியும். புலி வாலைப் பிடித்தவன் கதைதான். விட்டால் அது கடித்துவிடும்.

இந்த அச்சம் எப்போது தளர்கிறதோ அப்போதுதான் மாற்றத்துக்கு வழி பிறக்கிறது. மறுபடியும் மாஸ்கோவுக்கே வருகிறேன். ஸ்டாலின் இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 26 அன்று கிரெம்ளினில் நடந்த கூட்டத்திலேயே பெரியாவைக் கைது செய்தார்கள். டிசம்பர் 23 அன்று சுட்டுக் கொன்றார்கள். எண்ணற்ற உயிர்களைக் காவு வாங்கிய மனிதர் அவர். அவருக்காக நான் இரங்கவில்லை. ஆனால் ஸ்டாலின் கற்றுக்கொடுத்த முறைப்படியேதான் அவரையும் தீர்த்தார்கள்: மூடிய அறையில் விசாரணை, மேல்முறையீடு கிடையாது, தீர்ப்பு வந்த அன்றே தோட்டா.

1957இல் இன்னொரு மோதல் வந்தது. மாலென்கோவும், ஸ்டாலினின் பழைய சகாக்களான மோலோடோவ், ககனோவிச் இருவரும் சேர்ந்து, அப்போது கட்சித் தலைவராக இருந்த குருஷேவைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்றார்கள். பழைய கணக்குப்படி மூவருக்கும் மரணம்தான். ஆனால் மாலென்கோவை கஜகஸ்தானில் ஒரு மின் நிலையத்தை நிர்வகிக்க அனுப்பினார்கள். மோலோடோவ் மங்கோலியாவுக்குத் தூதராகப் போனார். ககனோவிச் யூரல் பகுதியில் ஒரு தொழிற்சாலைக்கு மேலாளரானார். அவமானம்தான், ஒதுக்கம்தான். ஆனால் மூவரும் முதுமை எய்தி இயற்கையாக இறந்தார்கள். மோலோடோவுக்கு அப்போது வயது 96. ககனோவிச் 1991 ஜூலைவரை வாழ்ந்தார். சோவியத் ஒன்றியமே அதற்குப் பிறகு சில மாதங்கள்தான் தாங்கியது.

இதன் பலனை அனுபவித்தவர் குருஷேவேதான். 1964 அக்டோபரில் சகாக்கள் கூடி அவரை இறக்கியபோது, ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, நினைவுகளை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டு 1971இல் இறந்தார். மக்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிடவில்லை, ஒரு கட்சி ஆட்சி ஒழிந்துவிடவில்லை. ஆயினும் உச்சியில் இருப்பவரைக் கொல்லாமலே இறக்க முடியும் என்பது அந்த நாட்டில் அன்று முதல்முறையாக நிரூபணமானது. சோவியத் வரலாற்றில் விண்வெளிப் பயணத்துக்குக் கொடுக்கும் இடத்தை இதற்கும் கொடுப்பேன் நான்.

வடகொரியாவில் அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை. 2011 டிசம்பரில் இறந்த தலைவர் கிம் ஜோங் இல்லின் சவ ஊர்தியைத் தொட்டபடி மகன் கிம் ஜோங் உன் நடந்தார். அவருக்குப் பின்னால் நடந்தவர் அத்தையின் கணவர் ஜாங் சாங் தேக்; இளைஞருக்கு இவர்தான் வழிகாட்டி என்று வெளியுலகம் எழுதியது. இரண்டே ஆண்டுகளில், 2013 டிசம்பரில், துரோகி என்று முத்திரை குத்தி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அதைப் பார்த்த எந்த அதிகாரி அங்கே வாய் திறப்பார்?

கடைசியாக ஸ்பெயின். இதைப் பேசாமல் போனால் நான் சொன்னது பாதி உண்மையாகவே நின்றுவிடும். அந்நாட்டுச் சர்வாதிகாரி பிராங்கோ தமக்குப் பின் எல்லாவற்றையும் இறுகக் கட்டி வைத்திருப்பதாக நம்பினார். தமக்குப் பின் மன்னராக ஹுவான் கார்லோஸ் வருவார் என்று 1969இலேயே அறிவித்தார். ஆட்சியைக் காக்க நம்பியிருந்த பிரதமர் கரேரோ பிளாங்கோ 1973இல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 1975 நவம்பர் 20 அன்று பிராங்கோ இறந்தார். ஓராண்டுக்குள் அவர் அமைத்த நாடாளுமன்றமே, 425க்கு 59 என்ற வாக்குகளில், தன்னைக் கலைக்கும் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 1977 ஜூனில் தேர்தல் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு சட்டபூர்வமாக்கப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியும் அதில் நின்றது.

அந்த 425 பேர் எப்படிக் கைதூக்கினார்கள்? பதவி போனாலும் உயிரும் சொத்தும் ஓய்வூதியமும் போகாது என்ற உறுதி இருந்தது. 1977 அக்டோபரில் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது. சித்திரவதை செய்த அதிகாரிகளையும் அதே சட்டம் காப்பாற்றியது. தோற்றவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசினேனே, அதன் விலை இதுதான். பிராங்கோ ஆட்சியைப் பிடித்த உள்நாட்டுப் போரிலும் அதன் பின்னும் கொன்று புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் எலும்புகளைத் தேடித் தாங்களே அலைந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவது அரசின் பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தபோது, தேடிய பலர் உயிரோடு இல்லை. தண்டனை வராது என்ற அந்த உறுதி இல்லாமல் அந்தத் தேர்தல் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் கொன்றவர்களைத் தண்டிக்காமல் விடுவது ஒன்று, புதைத்த இடத்தைக்கூடச் சொல்லாமல் மறைப்பது வேறு. இரண்டாவதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. 1977இலேயே அந்தக் குழிகளைத் திறந்திருக்கலாம்.