கணவன் இறந்த பிறகு கிடைத்த கையெழுத்து

அனைவருக்கும் வணக்கம்.

ஷாம்பெய்ன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கார் பந்தய மேடையில் ஜெயித்தவர் புட்டியைக் குலுக்கிப் பீய்ச்சியடிக்கும் காட்சிதான். அந்த மது இன்றிருக்கும் தெளிவையும் சுவையையும் அடைந்ததில் மூன்று பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மூவருமே கணவனை இழந்த பிறகு தொழிலைக் கையில் எடுத்தவர்கள். இது தற்செயல் இல்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1804-இல், நெப்போலியன் காலத்தில், பிரான்சில் ஒரு சிவில் சட்டம் வந்தது. அதன்படி மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் சொத்து வாங்க முடியாது, விற்க முடியாது, கோர்ட்டுக்குப் போக முடியாது. கணவன் இறந்துவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அதற்குப் பிறகு அவள் கையெழுத்து செல்லும்.

மறு வருடமே, 1805-இல், ரெய்ம்ஸ் நகரத்தில் ஷாம்பெய்ன் வியாபாரம் செய்துவந்த ஃபிரான்சுவா கிளிக்கோ காய்ச்சலில் இறந்துபோனார். மனைவி பார்ப் நிக்கோலுக்கு 27 வயது, கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை. மகனே போய்விட்டான், இனி எதற்குக் கடை என்று மாமனார் மூடப் பார்த்தார். மருமகள் விடவில்லை, நான் நடத்துகிறேன் என்றார். மாமனாரும் ஒப்புக்கொண்டார், ஆனால் அனுபவமுள்ள ஒரு பங்குதாரரோடு சேர்ந்துதான் நடத்த வேண்டும் என்றார். அந்தக் கூட்டு நான்கு வருடம் நடந்து முடிந்தது. 1810-இல் அவர் தனியாக நின்றபோது, கம்பெனிக்குத் தன் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து 'விதவை கிளிக்கோ போன்சார்தான்' என்றே பெயர் வைத்தார்.

வந்த காலமோ கெட்ட காலம். போரினால் துறைமுகங்கள் மூடிக் கிடந்தன. 1814-இல் நெப்போலியன் வீழ்ந்ததும், வழி திறக்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்க, இவர் சத்தமில்லாமல் ஒரு டச்சுக் கப்பலில் 10,550 புட்டிகளை ரஷ்யச் சந்தைக்கு ஏற்றி அனுப்பினார். கப்பலோடு கூடவே போனவர் அவருடைய விற்பனையாளர் லூயி போன். சரக்கு போன வேகத்தில் விற்றது. முந்திக்கொண்ட அந்தச் சில வாரங்கள்தான் அவர் கம்பெனியை நிமிர்த்தின.

ஆனால் என்னை அதிகம் கவர்வது இந்த வியாபாரத் துணிச்சல் அல்ல, ஒரு மேசைதான். ஷாம்பெய்ன் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. குமிழி பிறப்பது அங்கேதான். வேலை முடிந்ததும் ஈஸ்ட் செத்து உள்ளேயே வண்டலாகத் தங்கிவிடும், மது கலங்கிப் போகும். அதைப் போக்க வேறு புட்டிக்கு ஊற்றினால் பாதி வாயு போய்விடும். மேசைப் பலகையில் துளைகள் போட்டு, புட்டியைக் கழுத்து கீழே இருக்கும்படி சொருகி வைத்தார்கள். தினமும் ஒவ்வொரு புட்டியையும் லேசாகக் குலுக்கி, கொஞ்சமே திருப்பி வைக்க வேண்டும். வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் வண்டல் முழுவதும் சறுக்கி இறங்கி கார்க்கின் மேல் வந்து படியும். அப்புறம் கார்க்கை எடுத்தால் உள்ளிருக்கும் அழுத்தமே அழுக்கை வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவை நிரப்பி மூடிவிடலாம். பார்ப் நிக்கோல் தன் சமையலறை மேசையிலேயே துளை போட்டுப் பார்த்தார் என்று சொல்வார்கள். நிலவறைத் தலைவர் ஆண்டுவான் முல்லரோடு சேர்ந்து, ஏறத்தாழ 1816 வாக்கில், இந்த முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலும் இயந்திரம் திருப்புகிறது, முறை அதேதான்.

அடுத்தவர் லூயிஸ் பொம்மெரி. 1858-இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து ஷாம்பெய்ன் தித்திப்பானது, ரஷ்யர்களுக்குப் போனது பாகுபோலவே இருக்கும். இங்கிலாந்துக்காரர்கள் சர்க்கரை குறைவாகக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்து, 1874-இன் அறுவடையில் 'ப்ரூட்' வகையைச் செய்தார். சர்க்கரையைக் குறைப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். இனிப்பு போனால் பழத்தின் குறையெல்லாம் நாக்கில் தெரியும். நன்றாகப் பழுத்த திராட்சை வேண்டும், நீண்ட நாள் ஊற வேண்டும். இன்று கடைகளில் பெரும்பாலும் விற்பது ப்ரூட்தான். ரோமானியர் காலத்துச் சுண்ணக்கல் குழிகளை இணைத்து ரெய்ம்ஸின் அடியில் 18 கிலோமீட்டர் நிலவறையை அமைத்தவரும் அவரே.

மூன்றாமவர் லில்லி பொலாஞ்சே. அவர் பிறந்த லா தெ லொரிஸ்தோன் குடும்பம் நமக்கும் தூரமில்லை, 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் கவர்னராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் அந்தக் குடும்பத்தவர்தான். 1941-இல், ஜெர்மானியர் பிடியில் ஊர் இருந்தபோது, கணவர் இறந்து பொலாஞ்சே ஷாம்பெய்ன் கம்பெனியின் பொறுப்பு இவரிடம் வந்தது. பெட்ரோல் கிடைக்காததால் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கொடிகளைப் பார்த்தார்.

கணவன் இறந்த மறுநாளே ஒருத்திக்குத் திராட்சையும் கணக்கும் தெரிந்துவிடாது. இந்த மூவரும் அதற்கு முன்பே பார்த்துப் பழகியவர்கள், கையெழுத்துதான் பிறகு கிடைத்தது. கணவன் அனுமதி இல்லாமல் மனைவி வேலைக்குப் போகலாம், தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம் என்று பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தது 1965-இல். லில்லி அப்போது கம்பெனியை 24 வருடமாக நடத்திக்கொண்டிருந்தார். கணவர் உயிரோடிருந்த காரணத்தாலேயே பெயர் வெளியே வராமல் அதே நிலவறைகளில் உழைத்த மனைவிமார்களைப் பற்றி யாராவது உட்கார்ந்து தேட வேண்டும். பழைய கணக்குப் புத்தகங்களிலும் கடிதங்களிலும் தேடலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம். நன்றி.