அண்ணனுக்கு 100, தம்பிக்கு 199

நேயர்களுக்கு வணக்கம். ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இருவர். அண்ணன் எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போய்விட்டார். தம்பி அதற்கு மேல் எட்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கினார். சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்?

கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடமும் சம்பளத்தைச் சதவீதக் கணக்கில் ஏற்றுகிறது என்று காட்டியவர் பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சராசரியாக 9 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஒன்பதுதானே என்று தோன்றும். ஆனால் இது வட்டிக்கு வட்டி போல ஏறும். அண்ணனுக்கு 100 என்றால், நாலு வருடம் கூடப் படித்தவருக்கு 141, எட்டு வருடம் கூடப் படித்தவருக்கு 199. முதல் நாலு வருடம் 41 கொடுத்தது. அடுத்த நாலு வருடம் 58 கொடுத்தது.

சரி, எல்லாரும் பட்டம் வாங்கிவிட்டால்? பட்டதாரிகள் அரிதாக இருக்கும்வரைதான் அந்தக் கூடுதல் சம்பளம் பெரிதாக இருக்கும். யான் டின்பெர்கன் என்ற பொருளாதார அறிஞர் 1970-களில் இதை ஒரு பந்தயமாகப் பார்த்தார்: தொழில்நுட்பம் ஒரு பக்கம் ஓடுகிறது, கல்வி இன்னொரு பக்கம். கல்வி முந்தினால் இடைவெளி சுருங்கும். அமெரிக்காவில் 1980-களில் தொழில்நுட்பம் முந்தியது. பட்டதாரிக்கும் மற்றவருக்கும் இருந்த சம்பள இடைவெளி நன்றாகவே விரிந்தது.

இன்னொன்றும் நடக்கிறது. பதிவேட்டில் பெயர் எழுதி ரசீது கிழித்துக் கொடுக்கிற ஒரு மேசை. முன்பு பள்ளிப் படிப்பு போதும் என்றார்கள்; பட்டதாரிகள் பெருகியதும் அதற்கும் பட்டம் கேட்கிறார்கள். பதிவேடு அதேதான், ரசீதும் அதேதான். பள்ளியோடு நின்றவரை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்பவே உறுத்துகிறது.

அண்ணன் ஏன் நின்றார்? படிப்பு வராததாலா? பல வீடுகளில் அப்படி இல்லை. படிக்கிற காலத்தில் கைவிட்டுப் போகும் கூலியும் படிப்புச் செலவுதான் என்று மின்சரின் கணக்கே சொல்கிறது. அந்தக் கூலியை இழக்க வீட்டுக்கு வசதி இல்லை. தம்பியின் கட்டணத்தில் பாதி அண்ணன் கொண்டுவந்த கூலியாகவும் இருந்திருக்கும். 199 என்ற எண்ணில் அது எங்கே தெரிகிறது?

மெக்சிகோ 1997-ல் அந்த இடத்தில்தான் கை வைத்தது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகையும் கூடியது, ஏனென்றால் வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியும் கூடுதல். நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைக்குச் சற்று அதிகம். அங்கே உயர் வகுப்புகளில் சேரும் பிள்ளைகள் கூடினார்கள், அதிலும் பெண் பிள்ளைகள் அதிகமாக.