பேட்டரி இருந்தும் வீடு ஏன் இருண்டது?

வணக்கம் நேயர்களே. இந்த வாரம் புதிய குளிரூட்டியின் மின்செலவைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த காணொளிக்குத் தள்ளி வைக்கிறேன், ஏனென்றால் சில நாள்களுக்கு முன்பு எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் மாலை நேரத்து இடிமழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று பெய்த மழையில் எங்கள் பகுதி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. எங்கள் வரிசையில் கூரை மேல் சோலார் தகடும் கார் நிறுத்துமிடத்தில் பேட்டரியும் வைத்திருப்பவர் எதிர்வீட்டு அண்ணன் ஒருவர்தான், ஆனால் எல்லா வீடுகளோடும் சேர்ந்து அவர் வீடும் இருண்டது. பேட்டரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரம் இருப்பதாகக் கைப்பேசிச் செயலி காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அண்ணி எங்கள் வீட்டுக்கு மெழுகுவர்த்தி கேட்டு வந்தார்.

பேட்டரியில் பழுது எதுவும் இல்லை. அவருக்கு விற்றவர்கள் பேட்டரியை மட்டும் விற்றிருக்கிறார்கள். மின்தடையின்போது வீட்டுக்கு மின்சாரம் தரும் ஏற்பாட்டை விற்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு என்பதை வாங்கும்போது யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. நான் இப்போது எங்கள் வீட்டுக்குப் பேட்டரி தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதால், இதை உங்களிடம் விரிவாகவே பேசப்போகிறேன்.

சோலார் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். நம் மின்வாரியமான தெனாகாவின் மின்கம்பியோடு இணைந்த எந்தச் சோலார் இன்வெர்ட்டரும், வெளியே மின்சாரம் நின்றவுடன் தானாகவே நின்றுவிட வேண்டும். பழுது பார்க்கும் ஊழியர் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது, நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்து அவர் உயிரைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக உள்ள விதி அது. மிக நியாயமான விதி. ஆகவே மின்தடையின்போது நம் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமென்றால், வீட்டை வெளிக் கம்பியிலிருந்து முழுவதுமாகத் துண்டிக்கும் ஒரு மாற்றுக் கருவியும், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைப் பின்பற்றாமல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தானே உருவாக்கக்கூடிய இன்வெர்ட்டரும் தேவை. சில இன்வெர்ட்டர்களில் அந்த மாற்றுக் கருவி உள்ளேயே இருக்கும். வேறு சிலவற்றுக்குத் தனிப் பெட்டியாக வாங்க வேண்டும். ஹுவாவேயின் லூனா 2000 வரிசையில் பேக்அப் பாக்ஸ் என்று ஒன்று தனியாக விற்கப்படுவது இதற்காகத்தான். அந்தப் பெட்டி விலைப்பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி. பேட்டரியின் கொள்ளளவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வந்த விலைப்பட்டியலில் அந்த வரி இல்லை. 10 கிலோவாட் மணி பேட்டரிக்கு 16,800 ரிங்கிட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மின்தடையில் வேலை செய்யுமா என்று நான் கேட்ட பிறகுதான், பேக்அப் வேலைக்கு மேலும் 3,200 ரிங்கிட் ஆகும் என்று குத்தகையாளர், அதாவது பொருத்தித் தரும் ஒப்பந்தக்காரர், வாய்மொழியாகச் சொன்னார். பிரித்துக் காட்டாமல் மொத்தமாகச் சொல்லப்படும் விலை எனக்கு அறவே பிடிக்காது என்பது என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டேன். முதலில் அப்படித் தரும் வழக்கம் இல்லை என்றார், பிறகு அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், நான் விடவில்லை. கடைசியில் எழுதி அனுப்பினார்: மாற்றுப் பெட்டி 1,150, சிறிய மின்பகிர்வுப் பெட்டி 280, கம்பியும் குழாயும் 320, கூலி 600. கூட்டிப் பாருங்கள், 2,350 ரிங்கிட்தான் வருகிறது. மீதி 850 ரிங்கிட் எதற்கு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை; அந்தத் தொகை பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. அந்தத் தாளை நான் அச்சடித்து வைத்திருக்கிறேன், இதோ கேமராவுக்கு முன்னால் காட்டுகிறேன், நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். ஒரு தாளில் நான்கு வரிகளை எழுத வைத்ததற்கு 850 ரிங்கிட் மிச்சமாயிற்று என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

அடுத்து, பலரும் கேட்ட கேள்வி: பேட்டரியின் விலை மின்கட்டணத்தில் திரும்பக் கிடைக்குமா? 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் (கிலோவாட் மணி) வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட்டின் எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கம்பிப் பிணையக் கட்டணம் 12.85 சென்; ஆக மொத்தம் 44.43 சென். பழைய நெம் திட்டத்தில், நாம் வெளியே அனுப்பிய யூனிட்டை நாம் வாங்கிய யூனிட்டிலிருந்து ஒன்றுக்கு ஒன்று கழித்தார்கள், அது 2025 ஜூன் இறுதியோடு மூடப்பட்டது. 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில், நாம் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும்தான் வரவு வைக்கப்படும், மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்கு வராது. ஆகவே பகலில் ஒரு யூனிட்டை வெளியே அனுப்பாமல் பேட்டரியில் சேமித்து இரவில் பயன்படுத்தினால், நமக்கு மிச்சம் 17.4 சென். ஒரு நாளைக்கு 8 யூனிட் அப்படிச் சேமித்தாலும் ஆண்டுக்குச் சுமார் 500 ரிங்கிட்தான். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்கு வீணாவதை இதில் நான் இன்னும் கழிக்கவில்லை. 16,800 ரிங்கிட்டை 500 ஆல் வகுத்துப் பாருங்கள், பேட்டரியின் ஆயுளுக்குள் அந்தப் பணம் திரும்பி வராது. ஒவ்வொரு மாதமும் வரவு மிஞ்சி வீணாகும் அளவுக்கு மின்சாரத்தை வெளியே அனுப்பும் வீடுகளுக்குக் கணக்கு சற்று மாறும், ஆனால் எங்கள் வீடு அப்படிப்பட்டதன்று.

நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் சேர்ந்தால் பேட்டரி லாபம் தரும் என்றும் ஒரு விற்பனையாளர் சொன்னார். அந்தத் திட்டத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். அப்போது எரிசக்திக் கட்டணம் 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். வித்தியாசம் நான்கு சென். நான்கு சென்னுக்காகப் பேட்டரியின் ஆயுளைச் செலவழிக்கச் சொல்பவரிடம் நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அப்படியானால் நான் ஏன் வாங்குகிறேன் என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏற்படும் மின்தடை சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பெரும்பாலான வீடுகளுக்குப் பேட்டரியே தேவையில்லை என்று நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் சராசரி என்பது எல்லா வீடுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நிலத்தடிக் கம்பி ஒன்றைத் தோண்டும் இயந்திரம் அறுத்துவிட்டால், அந்தத் தெருவுக்கு மட்டும் பல மணி நேரம் மின்சாரம் வராது. என் அம்மா இரவில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு உறங்குகிறார். எனக்கு அந்தப் பல மணி நேரம்தான் முக்கியம், சராசரி முக்கியமில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் இப்படிப்பட்ட நோயாளி இருந்தால் பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள், ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று எப்போதும் நிரம்பி இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பேட்டரி வந்த பிறகும் அங்கேயேதான் இருக்கும்.

இப்போது அளவைப் பற்றிப் பேசலாம். கிலோவாட் மணி என்பது கூரை மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் அளவு, கிலோவாட் என்பது அதிலிருந்து இறங்கும் குழாயின் பருமன். விளம்பரங்கள் தொட்டியை மட்டுமே பேசுகின்றன. மின்தடையில் உங்களைக் கைவிடுவது பெரும்பாலும் குழாய்தான். அம்மாவின் இயந்திரத்துக்கு 350 வாட், இரண்டு மின்விசிறிகளுக்கு 140, குளிர்பதனப் பெட்டிக்குச் சராசரியாக 100, விளக்குகளும் இணையப் பெட்டியும் 60 என்று வைத்தால் மொத்தம் 650 வாட். என் அளவுமானியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து எழுதிய எண்கள் இவை. 10 கிலோவாட் மணி பேட்டரியில் 9 பயன்படும் என்று கொண்டாலும் ஏறக்குறைய 14 மணி நேரம் தாங்கும். அம்மாவின் அறைக் குளிரூட்டியையும் சேர்த்தால் ஏழு மணி நேரம். எங்களுக்கு இது போதும். 15 கிலோவாட் மணி வாங்கச் சொன்னவரின் பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் குளியலறையில் இருக்கும் உடனடி நீர்ச்சூடேற்றி ஒன்று மட்டும் 3.6 கிலோவாட் இழுக்கும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில், மின்தடையின்போது யாராவது வெந்நீரில் குளிக்கப் போய், அதே நேரத்தில் சோற்றுப் பானையும் பழைய வகைக் குளிரூட்டியும் சேர்ந்துகொண்டால், இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள மொத்த வீட்டையும் அணைத்துவிடும். பழைய குளிரூட்டியின் கம்பிரஸரும் தண்ணீர்ப் பம்பும் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்சாரத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதனால்தான் நான் தனி மின்பகிர்வுப் பெட்டி கேட்டேன். அம்மாவின் அறை, குளிர்பதனப் பெட்டி, கூடம், இணையம் ஆகியவை மட்டும் அதில் சேரும். நீர்ச்சூடேற்றியும் மின்னடுப்பும் சேராது. வீடு முழுவதற்கும் பேக்அப் என்று விற்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, நம் ஊர் நீர்ச்சூடேற்றியை அவர்கள் ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், உங்கள் வீடு மூன்று ஃபேஸ் இணைப்பு கொண்டதாக இருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 5 கிலோவாட் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர் பலவற்றில், ஒரு ஃபேஸுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.7 கிலோவாட்தான். ஒரு ஃபேஸ் இன்வெர்ட்டரை மூன்று ஃபேஸ் வீட்டில் பொருத்தினாலோ, ஒரு ஃபேஸில் உள்ள அறைகளுக்கு மட்டும்தான் மின்சாரம் வரும். எந்த அறை எந்த ஃபேஸில் இருக்கிறது என்று குத்தகையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

எந்த வகைப் பேட்டரி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை: லித்தியம் இரும்பு பாஸ்பேட். வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் பொருள் என்பதால், சூடேறினாலும் எளிதில் தீப்பற்றாத வேதியியலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கவும் அது தாங்கும். ஈய அமில பேட்டரி மலிவு என்று சிலர் எழுதுகிறீர்கள். அதில் பாதியளவுக்கு மேல் இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும், ஆகவே வாங்கிய கொள்ளளவில் பாதிக்குத்தான் நீங்கள் உரிமையாளர். உத்தரவாதத்தில் 10 ஆண்டு என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், பத்தாம் ஆண்டில் எத்தனை விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கோலாலம்பூர் வெயிலில் மேற்குப் பார்த்த சுவர் கூடவே கூடாது, சூடு பேட்டரியை விரைவில் முதுமையாக்கும். எங்கள் வீட்டில் படிக்கட்டுக்குப் பின்புறம் நிழலான வெளிச்சுவரைக் காட்டியிருக்கிறேன், கூடுதல் கம்பிக்குப் பணம் கேட்டாலும் அங்கேதான்.

இன்னொன்று, இது மிக முக்கியம், முன்பே சொல்லியிருக்க வேண்டியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி இடிக்கும்போது வீட்டில் மின்சாரம் போவதற்குப் பல நேரங்களில் தெனாகா காரணமில்லை. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் நம் வீட்டு இ.எல்.சி.பி. விசை விழுந்திருக்கும். அப்போது வெளியே மின்சாரம் இருப்பதாலும், விழுந்த விசைக்கு அப்பால் உள்ள அறைகளுக்கு வழி அடைபட்டுவிடுவதாலும், பேட்டரி ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பேக்அப் பெட்டிக்குத் தனி இ.எல்.சி.பி.யும் மின்னல் எழுச்சியைத் தாங்கும் காப்புக் கருவியும் கேட்டு வாங்குங்கள். வெளிக் கம்பியிலிருந்து துண்டிக்கப்பட்ட பிறகு நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் மின்தடையின்போது இ.எல்.சி.பி. தன் வேலையைச் செய்யாமல் போகலாம், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்தக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மின்தடைக்காகப் பேட்டரியில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று குறிக்க, செயலியில் இருப்பு அளவு என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைக் குறைவாக வைத்தால் இரவிலேயே பேட்டரி கிட்டத்தட்டக் காலியாகிவிடும், விடியற்காலையில் மின்சாரம் போனால் கையில் ஒன்றும் இருக்காது. மாலை இடிமழை வரும் நேரத்தில் வெயிலால் பேட்டரி நிரம்பியிருக்கும் என்றாலும், கம்பிப் பழுது நேரம் பார்த்து வருவதில்லை. நான் 60 விழுக்காட்டில் வைக்கப்போகிறேன். கட்டணத்தில் மிச்சமாகும் சில ரிங்கிட் குறையும், குறையட்டும்.

பணம் கொடுக்கும் முறையையும் எழுத்தில் வாங்கியிருக்கிறேன். பொருத்தி முடித்த அன்று, குத்தகையாளர் என் கண் முன்னால் தெனாகா பக்கத்து முதன்மை விசையை அணைக்க வேண்டும். அம்மாவின் இயந்திரம் எத்தனை நொடியில் மீண்டும் ஓடுகிறது என்று நான் கடிகாரத்தில் பார்ப்பேன். சில அமைப்புகள் 20 மில்லி நொடிக்குள் மாறிவிடும், சிலவற்றுக்குப் பல நொடிகள் ஆகும். எது என்று விவரத்தாளில் பார்த்தால் போதாது, நேரில் பார்க்க வேண்டும். குளிரூட்டியையும் ஓட விட்டு ஒரு மணி நேரம் காத்திருப்போம், பகல் வேளையாக இருப்பதால் துண்டித்த நிலையிலும் சோலார் தகடுகள் பேட்டரியை நிரப்புகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மொத்தத் தொகையில் கடைசி 20 விழுக்காடு அதற்குப் பிறகுதான். குத்தகையாளர் கையெழுத்திட்டுவிட்டார். அந்தச் சோதனையை வெட்டாமல் முழுவதுமாகப் பதிவு செய்து போடுகிறேன். ஏற்கெனவே பேட்டரி வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்காமல், வீட்டில் எல்லாரும் இருக்கும் ஒரு பகல் வேளையில் உங்கள் முதன்மை விசையை ஒரு முறை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.