கேட் போட்டதும் எதைப் படம் பிடிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

கேட் போட்டாச்சு என்றதும் வண்டியை அணைத்துவிட்டு, செல்போனை ரயில் வரும் திசைக்கு நீட்டுகிறோம். அந்த ரயில் நாளைக்கும் வரும். மேம்பாலம் கட்டி முடித்ததும் காணாமல் போகப்போவது கேட்தான். அகலப் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளை 2019 தொடக்கத்திலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். ஆள் உள்ள கேட்டுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ரயில்களை ஆவணப்படுத்த ஆசைப்படுகிறவர்கள் கேட்டிலிருந்து தொடங்கலாம்.

முதலில் கேட்டின் எண்ணை எடுங்கள். அது கேட் கீப்பர் அறையின் சுவரில் எழுதியிருக்கும். மின்பாதையாக இருந்தால் பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எடுங்கள். அதில் மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. செல்போன் குறித்துக்கொள்ளும் இடம் பள்ளத்திலும் மலையிலும் தள்ளிப்போகும். கம்ப எண் அப்படிப் பிசகாது.

அடுத்தது சிக்னல். கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது கேட்டைக் காக்கும் சிக்னல். இன்டர்லாக் செய்த, அதாவது பூட்டையும் சிக்னலையும் இணைத்த கேட்டில் தடுப்புக் கம்பம் இறங்கிப் பூட்டினால்தான் அந்த சிக்னலைப் பச்சைக்கு மாற்ற முடியும். அது மறுபடி சிவப்புக்குத் திரும்பாமல் கேட்டைத் திறக்கவும் முடியாது. பதிவு செய்யவேண்டியது இந்த வரிசையைத்தான். மணி ஒலிப்பதற்கு முன்பே வீடியோவைத் தொடங்கி, கம்பம் மேலே ஏறும்வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ரயில் கடக்கும் பத்து நொடியை மட்டும் எடுத்தால் இதில் எதுவும் தெரியாது.

லாரி மோதித் தடுப்புக் கம்பம் உடைந்தால் பூட்டு விழாது, சிக்னலும் சிவப்பிலேயே நிற்கும். ‘ஜி’ பலகை உள்ள இடத்தில் ரயில் ஓட்டுநர் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் காத்திருந்து, எச்சரிக்கையோடு கேட் வரை நகர்த்துவார். அங்கே கேட் கீப்பர் கைக்கொடி காட்டியதும் கடப்பார். ரயில் ஏன் நின்றது என்று குறிப்பில் எழுத இது தெரிந்திருக்க வேண்டும்.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் கெட்டுப்போவது சிக்னல் விளக்குதான். எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால், எரிகிற விளக்கும் அணைந்ததுபோல விழக்கூடும். 1/50 நொடிக்கு இறக்கினால் விளக்கு சரியாக வரும், ஆனால் ஓடும் ரயில் கலங்கிவிடும். அதனால் ரயில் வருமுன் சிக்னலைத் தனியாக எடுத்துவிடுங்கள். ரயில் தாண்டிய பிறகு பச்சை உங்களுக்காகக் காத்திருக்காது.

கையைச் சாய்த்துக் காட்டும் பழைய சிக்னலான கைகாட்டி மரம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கை படுக்கையாக இருந்தால் நில். சாய்ந்தால் போ, அது கீழே சாய்வதா மேலே எழுவதா என்பது வகையைப் பொறுத்தது, அதையும் குறியுங்கள். அதன் ‘பச்சை’க் கண்ணாடி பகலில் நீலமாகத் தெரியும். இரவில் மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகும். நிறம் தப்பாக விழுந்துவிட்டதென்று கணினியில் திருத்திவிடாதீர்கள்!

பாரம்பரிய ரயில் என்றால் நமக்கு நீலகிரிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், மீட்டர் பாதை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம், அதாவது பல்சட்டம் ஓடும். எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜினில் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே உள்ளது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ளது பல்சக்கரத்தை ஓட்டும். பக்கவாட்டில் எடுத்த வீடியோவில் மேல் சிலிண்டரின் தண்டும் அசைந்தால், என்ஜின் பல்சட்டத்தில் வேலை செய்கிறது என்று பொருள். அதற்காகத்தான் கல்லாற்றுக்கு முன்பும் பின்பும் தனித்தனியாக எடுக்கச் சொல்கிறேன்.

ஏற்றத்தில் என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். மேலே காத்திருப்பவருக்கு முதலில் தெரிவது பெட்டியும், அதன் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்மேனும்தான். என்ஜின் வரட்டும் என்று இருந்தால் அவரைத் தவறவிடுவீர்கள். சுவிட்சர்லாந்தில் கட்டிய என்ஜினும் பொன்மலைப் பணிமனையில் கட்டியதும் பார்வைக்கு ஒரே அச்சு. எண்ணை எழுதாத படத்தில் எது எதுவென்று பிறகு சொல்ல முடியாது. வெயிலில் வெண்புகை வெளுத்துப்போகும், கேமராவின் ஒளியளவை முக்கால் ஸ்டாப் (ஒளியளவின் அலகு) வரை குறையுங்கள். ஊதல் ஒலிக்குத் தானியங்கி ஒலியளவை அணைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லில் நிற்கும்படி முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

பாதைக்குள் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ரயில் கடக்கும்வரை கேட் கீப்பரிடம் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து மலை ரயில் அடிக்கடி ரத்தாகும். அன்று ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.