ஆதம்பாக்கத்துப் பாறையும் வீட்டுக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடக் கலைஞர்கள் வரைந்து தரும் வரைபடங்களுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். ‘எஸ்டிமேட் போடுகிறவர்’ என்று சொன்னால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் புரியும். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் சென்னையில் இதைச் செய்துவருகிறேன். இங்கே பேச அழைத்தபோது, நான் தப்புக் கணக்குப் போட்ட ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது.

ஆதம்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் சேமிப்பு முழுவதையும் போட்டுக் கட்டிய வீடு. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வரைபடத்தில் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், ஐந்தடி ஆழம் என்று இருந்தது. மண் பரிசோதனை செய்யவில்லை. சின்ன வீட்டுக்கு அது எதற்கு என்று எல்லோரும் நினைத்தோம். வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும் செலவைச் ‘சாதாரண மண்’ என்று எழுதி ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

மூன்றாவது அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை. பாறை. கம்ப்ரஸர் கொண்டுவந்து உடைத்தார்கள். வானம் மட்டுமா? தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் உடைக்க வேண்டியிருந்தது. காம்பவுண்டு சுவருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் மண்ணுக்குள்ளேயே போய்விட்டது. அந்த ஆசிரியர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “பாறை மேல நின்னா வீடு உறுதியா நிக்கும்தானே தம்பி?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பாறை இருப்பது முன்பே தெரிந்திருந்தால், ஐந்தடி தோண்டவே வேண்டாம். கடைக்காலைப் பாறை மேலேயே உட்காரவைத்து, அகலத்தையும் குறைத்திருக்கலாம். வடிவமைப்பு இன்ஜினியரிடம் கேட்டு வரைபடத்தை மாற்றியிருந்தால் செலவு எஸ்டிமேட்டைவிடக் குறைந்திருக்கும். நாங்கள் வரைபடத்தை மாற்றாமல் பாறையை உடைத்தோம்.

கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கமெல்லாம் அடியில் கடினப் பாறை உண்டு. பரங்கிமலையில் வெளியே தெரிகிறதே, அதே இனம். இங்கிருந்து போன கல்லில்தான் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை செதுக்கப்பட்டது. அதனால் உலகம் முழுவதும் அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் போனால் மணல். அங்கே தோண்டுவது சுலபம், ஆனால் சில அடிகளிலேயே தண்ணீர் ஊறும். இறைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மேற்கு மாம்பலம், தி.நகர், விருகம்பாக்கம், பெரம்பூர் எல்லாம் களிமண். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண். அங்கே சில மனைகளுக்குப் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் காங்கிரீட் தூண், போடாமல் முடியாது. ஒரே வரைபடத்தை இந்த மூன்று இடங்களில் கட்டினால் தரைக்கு மேலே செலவு ஏறக்குறைய ஒன்றுதான். தரைக்குக் கீழே மூன்றும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ள மனையில் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்க்கும் செலவு, மொத்த வீட்டுச் செலவில் மிகச் சின்னத் தொகை. அந்த ஆதம்பாக்கம் வீட்டுக்குப் பிறகு, மண் அறிக்கை இல்லாமல் நான் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “சதுர அடிக்கு என்ன ரேட் ஆகும்?” கையில் இருக்கும் பணத்துக்கு எவ்வளவு பெரிய வீடு கட்டலாம் என்று தோராயமாகப் பார்க்க அந்த ரேட் உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதை வைத்து ஒப்பந்தம் போடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு முப்பது அடியில் ஒரு வீடு. 900 சதுர அடி. சுற்றுச்சுவர் நீளம் 120 அடி. நம் ஊரில் நீளமான, ஒடுக்கமான மனைகள் அதிகம், இல்லையா? அதில் பதினைந்துக்கு அறுபது என்று ஒரு வீடு. அதுவும் 900 சதுர அடிதான். ஆனால் சுற்றுச்சுவர் 150 அடி. முப்பது அடி கூடுதல். பத்தடி உயரம் என்றால் 300 சதுர அடிச் சுவர் அதிகம். ஒன்பது அங்குலச் சுவருக்குச் சுமார் 3,000 செங்கல். அதற்குச் சிமென்ட், மணல், கொத்தனார் கூலி. உள்ளேயும் வெளியேயுமாக 600 சதுர அடி பூச்சு, அதே 600 சதுர அடிக்குப் பெயின்ட். சுவருக்கு அடியில் கடைக்காலும் நீளும். சதுர அடி ரேட்டில் இது எதுவும் தெரியாது. ஒரு வீட்டின் செலவில் பெரும்பகுதி, கட்டடக் கலைஞர் பென்சிலைப் பிடித்திருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் வரைபடம் பாதியில் இருக்கும்போதே எஸ்டிமேட் போடுகிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். எல்லாம் வரைந்து, அப்ரூவல் வாங்கி, பூமி பூஜைக்கு நாள் குறித்த பிறகு என்னிடம் வந்தால், நான் எதைக் குறைப்பது? டைல்ஸையும் குழாயையும்தான் குறைக்க முடியும். அவை வீட்டுக்காரர் தினமும் தொட்டுப் பார்க்கிற பொருட்கள். அங்கே கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

அப்புறம், சதுர அடி ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்பது. தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர்வெல், மோட்டார், மின் இணைப்பு, மொட்டை மாடியில் வெயிலும் மழையும் தாக்காமல் போடும் வெதரிங் கோர்ஸ், மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம், ஜன்னல் கிரில், அலமாரிக் கதவுகள் – இவற்றில் எவை உள்ளே, எவை வெளியே? மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003 முதல் கட்டாயம். அது யார் கணக்கில்? பால்கனியை முழு அளவாக எடுக்கிறாரா, பாதியாகவா? ஒருவர் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் குறைத்துச் சொன்னால், அவர் விட்டுவிட்ட பொருட்களைக் கூட்டிப் பாருங்கள். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குவது நல்லதுதான். ஆனால் மூவருக்கும் ஒரே அளவுப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவரவர் விலையை எழுதச் சொல்ல வேண்டும். வானம் தோண்டுவது இத்தனை கன அடி, காங்கிரீட் இத்தனை கன மீட்டர், கம்பி இத்தனை கிலோ என்று அளவை நாம் கொடுக்கிறோம். விலையை மட்டும் அவர்கள் போடுகிறார்கள். அப்போதுதான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியும்.

அளவு எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம். 1,000 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போடுகிறோம். கனம் ஐந்து அங்குலம். கணக்குப் போட்டால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். சிமென்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் எட்டு மூட்டை சிமென்ட். ஆக 95 மூட்டை. இதையே கவனமில்லாமல் ஆறு அங்குலமாகப் போட்டால் 113 மூட்டை ஆகும். ஜல்லியும் மணலும் அதே விகிதத்தில் கூடும். தளத்தின் எடையும் கூடி, பீமும் பில்லரும் அதைத் தாங்க வேண்டும். காங்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் காபி, டிபன் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு அளவுக் கம்பியை வைத்துப் பத்து இடத்தில் கனம் பார்த்தால் போதும்.

கம்பிக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889. பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அரைக் கிலோ கூடவோ குறையவோ இருக்கலாம், தரநிலையே அதை அனுமதிக்கிறது. அதற்கும் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள். கம்பியை எண்ணிக்கையிலும் பாருங்கள், எடைமேடைச் சீட்டிலும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மணல் யூனிட் கணக்கில் வருகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் உள்ளே ஏறி நீளம், அகலம், உயரம் அளக்க வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: ஈர மணல் உப்பிக்கொள்ளும். சற்றே நனைந்த மணல், காய்ந்திருப்பதைவிட நான்கில் ஒரு பங்குவரை கூடுதல் இடத்தை அடைக்கும். அந்த மணலைக் கன அடிக் கணக்கில் வாங்கினால் லாரி நிறைந்துதான் தெரியும், உள்ளே மணல் குறைவு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் இதற்கு விலக்கில்லை. வாங்கும்போது இந்த உப்பலைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். மேஸ்திரி பெட்டி போட்டுக் கலவைக்கு அளக்கும்போதும் அப்படித்தான்.

விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எஸ்டிமேட்டின் முதல் பக்கத்தில் தேதி இருக்க வேண்டும். சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. அதற்கு முன்பு போட்ட எஸ்டிமேட்டை இன்று அப்படியே வைத்துப் பேசுவது நியாயம் இல்லை. விலை ஏறினால் யார் கொடுப்பது, இறங்கினால் யாருக்குச் சேரும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். டைல்ஸ் மாதிரி பின்னால் தேர்ந்தெடுக்கும் பொருட்களுக்கு அடிப்படை விலையைக் குறிப்பிட வேண்டும். சதுர அடி 60 ரூபாய் என்று எழுதியிருக்கும். நீங்கள் கடையில் 110 ரூபாய் டைல்ஸைப் பார்த்து ஆசைப்பட்டால், ஆயிரம் சதுர அடிக்கு ஐம்பதாயிரம் கூடுதல். அது தெரிந்தே எடுக்கிற முடிவாக இருந்தால் நல்லதுதான்.

பாரிமுனையில் நம் உயர் நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1892-இல் திறந்தார்கள். அதற்கு ஒப்புதலான மதிப்பீடு 9,45,000 ரூபாய். முடிந்தபோது ஆன செலவு 12,98,163 ரூபாய். நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு கூடுதல். ஹென்றி இர்வின் போன்ற பெரிய கட்டடக் கலைஞர் ஒருவர் பொறுப்பில் இருந்த வேலையே இப்படி என்றால், நம் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் தனியே எடுத்துவைக்காமல் இருக்கலாமா? எதிர்பாராத செலவுக்கு என்று ஐந்து சதவீதம் போடுவது வழக்கம். மண் அறிக்கை இருந்தால் அது போதும். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுவதாக இருந்தால் நான் பத்து போடச் சொல்வேன். அந்தப் பணத்தை வேறு வங்கிக் கணக்கில் வையுங்கள். கண்ணில் பட்டால் மாடுலர் கிச்சனாக மாறிவிடும்.

ஆனால் நான் பார்த்த குடும்பங்களைக் கடனில் தள்ளியது விலைவாசி அல்ல, நடுவில் செய்த மாற்றங்கள். “ஒரு ஜன்னல்தானே”, “ஸிங்கை அந்தப் பக்கம் தள்ளினால் என்ன” என்று ஆரம்பிக்கும். பூச்சு முடிந்த பிறகு ஸிங்கை நகர்த்தினால் மேடைக் கல்லை வெட்ட வேண்டும், சுவரைக் கொத்திப் புதுக் குழாய் பதிக்க வேண்டும், கழிவுக் குழாயை மாற்ற வேண்டும், மறுபடி பூச வேண்டும், டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஐந்து வகை ஆட்கள் திரும்ப வர வேண்டும். இதையே வரைபடத்தில் செய்தால் அழிப்பான் போதும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை, வாழப்போவது நீங்கள். ஒரு நோட்டு போடுங்கள். என்ன மாற்றம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எழுதி, நீங்களும் கான்ட்ராக்டரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உளி சுவரைத் தொட வேண்டும். எழுதும்போதே பாதி மாற்றங்கள் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் நாளும் கிழமையும்கூடச் செலவுக் கணக்கில் சேரும். ஆடி வேண்டாம் என்று ஆவணியில் பூமி பூஜை போடுவார்கள். வானம் திறந்து கிடக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். குழி நிறையத் தண்ணீர், சரிந்த மண், இறைக்க மோட்டார், வேலை இல்லாமல் காத்திருக்கும் ஆட்களுக்குப் படி. நல்ல நாள் பார்ப்பதை நான் மதிக்கிறேன். தையிலும் நல்ல நாள் இருக்கிறது. தை மாதம் தொடங்கினால் மழைக்கு முன் மேல்தளம் வந்துவிடும், உள்வேலையை மழையிலும் செய்யலாம்.

பணம் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, வேலை எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துத் தவணை தவணையாகத்தான் விடும். கான்ட்ராக்டருக்கு நீங்களும் அப்படியே கொடுங்கள்: தரைமட்டம் வரையிலான பேஸ்மென்ட், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், தளம், பூச்சு என்று முடிந்த வேலைக்கு மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எஸ்டிமேட்டில் எத்தனை மூட்டை என்றிருந்தது, நிஜத்தில் எத்தனை போயிற்று என்று பக்கத்தில் எழுதுங்கள். பேஸ்மென்ட்டிலேயே பத்து சதவீதம் தாண்டியிருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசலாம். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பேசிப் பயனில்லை. வேலை செய்தவருக்கு உரிய பணத்தை உரிய நாளில் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை கூலி கிடைக்காத கொத்தனார் திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போய்விடுவார், அந்த நஷ்டமும் உங்களுடையது.

கடைசித் தவணையில் மட்டும் ஒரு சிறு பங்கைப் பிடித்துவையுங்கள். அதையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வீடு ஒரு கார்த்திகை மழையை முழுதாகப் பார்க்கட்டும். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, ஜன்னல் ஓரம் ஈரம் இறங்குகிறதா என்று சுற்றிப் பாருங்கள். ஒழுகவில்லை என்றால் மார்கழியில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.