கோலை எடுத்துக் கொடுத்தது எந்த மலை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஜிமெஷ் சாங்கோக்களின் மரபைக் காத்தது மலையா, மனிதரா?' மனிதரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். ருமேனியாவின் கிழக்குக் கார்பாத்திய மலைகளுக்குள் ஹங்கேரிய மொழி பேசும் ஒரு சிறு மக்கள், இந்த ஜிமெஷ் சாங்கோக்கள். வெளிக்காற்று படாததால்தான் அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் கெடவில்லை என்றார்.

ஐயா, ஜிமெஷ் குகை அல்ல, கணவாய்! மலைக்கு மேற்கே உள்ள திரான்சில்வேனியாவிலிருந்து கிழக்கே உள்ள மோல்தாவியாவுக்குப் போகும் வாசல். 1897-லேயே அங்கே ரயில் வந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லைகளை மாற்றிய 1920-இன் திரியானோன் ஒப்பந்தம் வரை ஹங்கேரியின் எல்லை அங்கேதான் இருந்தது. பக்கத்துச் சீக் பகுதியிலிருந்து மலையேறிய, ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்களும் ருமேனியர்களும் சேர்ந்து குடியேறிய ஊர்கள் அவை. அவர்கள் ஆடும் ஓர் ஆட்டத்தின் பெயர் 'ஃபெலொலாஹோஷ்'. 'பாதி ருமேனியப் பாணி' என்று பொருள். கலப்பைப் பெயரிலேயே சொல்லிக்கொண்டு ஆடும் மக்களையா வெளிக்காற்று படாதவர்கள் என்கிறீர்கள்?

மலையும் குளிரும் மாற்றத்தைத் தாமதப்படுத்தின. மறுக்கவில்லை. ஆனால் தாமதம் வேறு, காவல் வேறு.

அவர்களுடைய கார்டோன் என்ற இசைக்கருவியைப் பாருங்கள். செல்லோ போன்ற உருவம், ஆனால் வில் கிடையாது. தந்திகளைக் கோலால் அடிப்பார்கள். ஒரு தந்தியை மட்டும் விரலால் இழுத்துத் தெறிக்க விடுவார்கள். ராகம் முழுவதும் வயலினுக்கு. தாளம் முழுவதும் இதற்கு. வழக்கமாகக் கணவர் வயலின் வாசிப்பார், மனைவி கார்டோன் அடிப்பார். ஜிமெஷின் வயலின் கலைஞர் ஸெர்குலா யானோஷும் அவர் மனைவி ஃபிகோ ரெகினாவும் அப்படித்தான் வாசித்தார்கள். கணவரின் வயலின் எந்த இடத்தில் தயங்கும், எங்கே பாயும் என்பது மனைவியின் மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடவே இருந்து, கேட்டுக் கேட்டுப் படிந்த வித்தை அது. எத்தனை உயரமான மலையானாலும் அதைக் கற்றுத்தர முடியுமா?

பிறகு வெளியிலிருந்து தேடி வந்தவர்கள். கல்லோஷ் ஸோல்தான் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார்கள். 1972-இல் புடாபெஸ்டில் 'தான்ட்ஸ்ஹாஸ்' என்ற நடன வீடுகள் தொடங்கின. நகரத்து இளைஞர்கள் கிராமத்து இசைக்கலைஞர்களிடமே வந்து கற்றார்கள். அந்தக் கற்பித்தல் முறையை 2011-இல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது. மலை காத்ததென்றால், அந்த மலைகளுக்கு வெகுதொலைவில் இருக்கும் புடாபெஸ்டில் இன்று கார்டோன் எப்படி ஒலிக்கிறது?

ஸெர்குலா 2008-இல் மறைந்தார். அவருக்குப் பின்னும் அந்தக் கோலை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதை அவர்கள் கையில் கொடுத்தது எந்த மலை என்று எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே. நான் அமர்கிறேன்.